பாகூர்ச் செப்பேடும் மாணவர் சோறும்



கல்லூரிப் படிப்பிற்குப் பொருளுதவி தேடுவதைப்பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்தனர். எந்த உதவித்தொகைக்கு எந்தப் படிவம், எந்த நாள் கடைசி நாள் என்பனவற்றை உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகை என்னைவிடத் தெளிவாகச் சொல்லும். நான் வரலாறு கற்றவன். ஆதலால் நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் பாகூர் மண்ணில் ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இக்கேள்விக்கு என்ன விடை கண்டார்கள் என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன். அதனூடே என் வாழ்வில் நிகழ்ந்த ஒரு சிறு கதையும் வரும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு அரைப் பேச்சாகவே நின்றுவிடும்.

பாகூர் என்றதும் வரலாற்று நூல்கள் 1752-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அங்கே பொருத போரைப் பற்றிப் பேசும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று அரசாங்க ஏடுகள் புகழும். பெரிய ஏரியையும் மூலநாதர் கோயிலையும் காட்டி ஊரார் பெருமை கொள்வர். இவையெல்லாம் மெய்யே. ஆயினும் அந்த ஊரில் ஓர் உயர்கல்விக் கூடம் இருந்தது என்பதையும், அதன் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் மூன்று ஊர்களின் வருவாய் எழுதிவைக்கப்பட்டிருந்தது என்பதையும் பாகூரிலேயே பிறந்து வளர்ந்த நான் இருபது வயதுவரை அறியவில்லை. எனக்குச் சொல்வார் யாரும் இல்லை.

1879-ஆம் ஆண்டில் பாகூரில் சில செப்பேடுகள் கிடைத்தன. விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு இரயில் வண்டி ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரயில் உள்ளே வந்தது. செப்பேடு வெளியே போயிற்று. கடல் கடந்து சென்ற அவ்வேடுகள் பாரிசு மாநகரின் தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. பின்னர் ஹூல்ட்ஷ் என்னும் சாசன அறிஞர் அவற்றைப் படித்துப் பதிப்பித்தார். அந்தப் பதிப்பைத்தான் நான் ஒரு நூலகத்தின் மூலையில், தூசு படிந்த பெரிய தொகுதியொன்றில், முதன்முதலாகக் கண்டேன். வடமொழிச் செய்யுளும் தமிழ் உரைநடையும் கலந்த சாசனம் அது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கப்பெற்றது.

சாசனம் சொல்லும் செய்தி இது. வேசாலிப் பேரரையன் என்னும் பட்டம் பூண்ட நிலைதாங்கி என்பான் மன்னனிடம் விண்ணப்பம் செய்கிறான். அவ்விண்ணப்பத்தின்படி சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் வாகூர் வித்தியாத்தானத்தார்க்கு வித்தியாபோகமாக வழங்கப்படுகின்றன. வாகூர் என்பது நம் பாகூரே. கடுவனூர் என்ற பெயரைக் கேட்டதும் அவ்வட்டாரத்து மாணவர் நிமிர்ந்து உட்கார்வர் என்பதை அறிவேன். அப்பெயருடைய ஊர் இன்றும் பாகூர்ப் பகுதியில் உண்டன்றோ? வித்தியாத்தானம் என்றால் கல்வி நிலையம். வித்தியாபோகம் என்றால் கல்விக்காக விடப்பட்ட நிலவருவாய். விண்ணிலிருந்து பொங்கி இறங்கிய கங்கையைச் சிவபெருமான் தன் சடையில் தாங்கியதுபோலக் கல்வியாகிய ஆழ்ந்த ஆற்றைத் தாங்கி நிற்கும் இடம் என்று அக்கல்வி நிலையத்தை வடமொழிப் பகுதி உவமித்துப் போற்றுகிறது. பதினான்கு வித்தைகள் அங்கே பயிலப்பட்டன. வேதங்கள் நான்கு, அவற்றின் அங்கங்கள் ஆறு, மீமாம்சை, நியாயம், புராணம், தருமசாத்திரம் என்பவை மரபாக எண்ணப்படும் அப்பதினான்கு.

உவமையை ஒருபுறம் வைத்துவிட்டு அந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பைப் பாருங்கள். பொன்முடிப்பு ஒன்றைக் கொடுத்து, படித்துக்கொள் என்று மன்னன் அனுப்பிவிடவில்லை. பொன் செலவாகும், கொடுத்தவன் மனம் மாறும், அரசன் மாறுவான். நிலமோ இடம்பெயராது. மழை பெய்து ஏரி நிரம்பும்வரை அது விளையும். விளைவின் ஒரு பங்கு ஆண்டுதோறும் கல்வி நிலையத்தின் களஞ்சியத்திற்கு வந்து சேரும். அதனால்தான் அக்காலத்தவர் கல்விக்கு நிலம் விட்டனர். பட்டவிருத்தி, கிடைப்புறம், சாலாபோகம் என்று நம் கல்வெட்டுகளில் வரும் பெயர்களெல்லாம் ஏறத்தாழ இக்கருத்தின் கிளைகளே. பிரெஞ்சு மொழியில் உதவித்தொகைக்குப் 'பூர்ஸ்' என்று பெயர். அச்சொல்லுக்குப் பணப்பை என்பதும் பொருள். நம் முன்னோர் கண்டது பணப்பை அன்று, வயல்.

எவ்வளவு நெல், எத்தனை மாணவர் என்ற கணக்கைப் பாகூர்ச் செப்பேட்டில் தேடிப் பயனில்லை. அக்கணக்கை அறியச் சற்று வடமேற்கே போகவேண்டும். வில்லியனூரைக் கடந்து விழுப்புரம் சாலையில் சென்றால் திருபுவனை வரும். அதற்கும் அப்பால், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், எண்ணாயிரம் என்னும் ஊர் இருக்கிறது. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டாலும் பாகூர், திருபுவனை, எண்ணாயிரம் மூன்றையும் சில நாட்களில் பார்த்து மீளலாம். இந்தக் குறுகிய நிலப்பரப்புக்குள் மூன்று உயர்கல்வி நிலையங்கள் இருந்திருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பையே தருகிறது.

எண்ணாயிரத்துக் கல்வெட்டு முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. அதை எழுதியவர் நல்ல கணக்கர். இளநிலை மாணவர் 270 பேர். முதுநிலை மாணவர் 70 பேர். இருக்கு வேதம் பயில்வோர் 75, யசுர் வேதம் பயில்வோர் 75, இலக்கணம் தொடங்குவோர் 40 என்று ஒவ்வொரு பாடத்திற்கும் எண்ணிக்கை குறித்திருக்கிறார். முதுநிலையில் வியாகரணத்திற்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்திற்கு 10. வேதாந்தம் படிக்க அன்றும் கூட்டம் குறைவுதான் போலும்! இளநிலை மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். முதுநிலை மாணவனுக்குக் குறுணி இருநாழி, அதாவது பத்து நாழி. இவற்றோடு ஆசிரியர் ஊதியமும் சேர்த்து ஆண்டுக்கு 10,506 கலம் நெல்லும், தனியே சிறிது பொன்னும் வேண்டியிருந்தன. இதற்காக 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது.

ஆறு நாழி நெல் என்றால் என்ன? ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்பது சோழர் காலக் கோயில் கணக்கு. அதன்படி இரண்டரை நாழிக்குச் சற்றுக் குறைவான அரிசி. ஒரு பிள்ளையின் வயிற்றுக்கு அது மிகுதி. மிஞ்சியதை மாற்றி உப்பும் மோரும் விறகும் வாங்கலாம். இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மாணவர் 340 பேருக்கும் ஒரு நாளைக்கு 2,320 நாழி; கலத்திற்கு 96 நாழி; ஆக 24 கலத்துக்குச் சற்று மேல். ஆண்டு முழுவதற்கும் பெருக்கினால், ஒதுக்கிய நெல்லில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாக மாணவர் சோற்றுக்கே போயிருக்கிறது! கட்டடத்திற்கோ விழாவிற்கோ அன்று, சோற்றுக்கு. பசித்தவன் காதில் பாடம் ஏறாது என்பதை அந்தக் கணக்கர் அறிந்திருந்தார்.

திருபுவனைக் கல்வெட்டு முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048-ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது. அங்கே மாணவர் 260 பேர், ஆசிரியர் 12 பேர். நிலம் 72 வேலி. ஆண்டு வருவாய் 12,000 கலம் நெல். அதில் இன்னொரு நயமான செய்தியும் உண்டு. கற்பிப்போரும் கற்போரும் ஊர் வாரியங்களில் பணியாற்றவேண்டிய கடமையினின்றும் விலக்குப் பெற்றிருந்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று அவர்களை இழுத்துக்கொண்டு போகக்கூடாது. படிப்பவனுக்குப் பொருளை மட்டும் கொடுத்தால் போதாது, பொழுதையும் கொடுக்கவேண்டும் என்று எண்ணியிருக்கிறார்கள். பள்ளிவிட்டு வந்ததும் மாடு மேய்க்கப் போகவேண்டியிருந்த எனக்கு இந்த வரியின் அருமை நன்றாகப் புரிந்தது.

அக்கால மாணவரெல்லாம் அடக்கமே உருவானவர் என்று எண்ணிவிடாதீர்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில் 95 சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவினான். சட்டர் என்போர் அங்கே தங்கிப் பயிலும் மாணவர். ஒருவரையொருவர் வைதால் தண்டம், ஆயுதத்தோடு அவைக்கு வரக்கூடாது, விடுதியில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக்கூடாது என்றெல்லாம் அந்தச் செப்பேட்டில் விதிகள் உள. நிகழாத ஒன்றைத் தடுக்க யாரும் விதி எழுதுவதில்லை அல்லவா?

இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, அந்தக் காலமே பொற்காலம் என்று நீங்கள் முடிவு கட்டக்கூடும். அங்கேதான் நான் உங்களை நிறுத்தவேண்டும். பாகூர், திருபுவனை, எண்ணாயிரம் ஆகிய மூன்று நிலையங்களும் வேதம் ஓதும் உரிமை பெற்ற ஒரு வகுப்பாரின் ஆண்மக்களுக்கு மட்டுமே கதவு திறந்தன. குத்தகைக்கு உழுத என் தந்தையின் முன்னோர்க்கு அங்கே இடம் இல்லை. பெண்களுக்கு இல்லை. சேரியில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வாயிலின் நிழலும் இல்லை. நெல்லை விளைவித்தவர் யாவர், அந்த நெல்லால் கற்றவர் யாவர் என்ற இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் அந்தச் செப்பேட்டைப் புகழ என்னால் இயலவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். 1973-ஆம் ஆண்டில் நானும் என் நண்பன் ஒருவனும் எங்கள் ஊர்ப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் தேறினோம். அவன் சேரிப் பிள்ளை. கணக்கில் என்னைவிட வல்லவன். பலமுறை அவன் சிலேட்டைப் பார்த்துத்தான் நான் விடையைத் திருத்திக்கொண்டேன். இருவருக்கும் புதுச்சேரியில் புகுமுக வகுப்பில் இடம் கிடைத்தது. எனக்கு மதிப்பெண்ணைப் பார்த்து ஓர் உதவித்தொகை கிடைத்தது. அவனுக்கு அதைவிடப் பெரிய உதவித்தொகைக்குச் சட்டப்படியே உரிமை இருந்தது. அந்த உரிமைக்கும் ஒரு வரலாறு உண்டு.

டாக்டர் அம்பேத்கர் 1913-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றது பரோடா அரசு மாதந்தோறும் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவித்தொகையால். அது மன்னர் ஒருவரின் நல்லெண்ணத்தால் வந்தது. அந்த நல்லெண்ணம் எல்லாப் பிள்ளைகளையும் எட்டாது என்பதை உதவி பெற்றவரே நன்கு உணர்ந்திருந்தார். 1942-இல் அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் இடம்பெற்றபின் ஒடுக்கப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு அரசாங்கமே பொருள் ஒதுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். 1944-ஆம் ஆண்டில் பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்பிற்கான உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூருக்கும் வில்லியனூருக்கும் அது எட்டவில்லை. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறியபின் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அந்த வழி திறந்தது. ஆயிரம் ஆண்டுகளாக அடைத்துக் கிடந்த கதவு அது.

கதவு திறந்திருந்தும் என் நண்பன் உள்ளே போகவில்லை. காரணம் ஓர் எழுத்து. அவன் தந்தையின் பெயர் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேட்டில் பிரெஞ்சு முறைப்படி கூட்டி எழுதப்பட்டிருந்தது. பள்ளிச் சான்றிதழில் ஆங்கில முறைப்படி இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று ஓர் அலுவலகத்தில் ஐயம் எழுப்பினார்கள். வேறொரு தாள் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தத் தாளைக் கொடுக்கவேண்டியவர் விடுமுறையில் இருந்தார். மூன்று முறை அவன் நடந்து போய் மீண்டான். பேருந்துக்குக் காசில்லாமல்தான் நடந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். நான்காம் முறை போனபோது கடைசி நாள் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் தந்தை சொன்னார். அடுத்த ஆண்டு அவன் வயலில் அண்டை வெட்டிக்கொண்டிருந்தான். யாரும் அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரும் நாளை வா என்றுதான் சொன்னார்கள்.

உதவித்தொகை ஒன்று தவறிப்போவதால் என்ன ஆகும் என்பதற்குக் கணித மேதை இராமானுசன் வாழ்வும் சான்று. 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த அவர் ஆங்கிலத்தில் தவறியதால் அதை இழந்தார். சில ஆண்டுகள் வறுமையில் உழன்று, சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தரானார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. விதிப்படி அவருக்கு அதற்குரிய பட்டம் இல்லை. இருந்தும் வழங்கினார்கள். மறு ஆண்டில் 250 பவுன் உதவித்தொகையோடு அவர் கேம்பிரிட்சுக்குக் கப்பலேறினார். இழந்ததை மீட்டுக்கொடுக்கச் சிலர் முனைந்ததால் உலகம் அவரை அறிந்தது. என் நண்பனுக்காக அப்படி முனைந்தவர் இல்லை. நானும் முனையவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. உதவித்தொகை கையில் வந்திருந்தது. புதுச்சேரிக் கடற்கரை புதிதாக இருந்தது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை.

நூலகத்தில் அந்தச் செப்பேட்டைப் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு மாலையில் நண்பனைப் பாகூர் ஏரிக்கரையில் சந்தித்தேன். படித்ததையெல்லாம் ஆர்வத்தோடு சொன்னேன். மூன்று ஊர்களின் பெயர்களையும் ஒப்பித்தேன். அவன் வாய்க்கால் மடையைத் திருத்திக்கொண்டே கேட்டான்.

"அரசன் பேர் இருக்கிறது. கேட்டவன் பேர் இருக்கிறது. படித்தவர்களுக்கும் பேர் இருக்கிறது. அந்த மூன்று ஊரிலும் உழுதவன் பேர் ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை" என்றேன்.

"அப்படியானால் அவனுக்கும் ஏதோ ஒரு தாள் குறைந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தான்.

நான் கல்லூரியில் வரலாறு கற்பித்த ஆண்டுகளில் அந்தச் சிரிப்பைப் பலமுறை நினைத்திருக்கிறேன். பழைய வித்தியாபோகம் உறுதியானது, ஆனால் குறுகியது. உரியவன் விண்ணப்பம் எழுதவேண்டியதில்லை, கடைசி நாள் இல்லை, ஏரியில் நீர் இருந்தால் சோறு இருக்கும். இன்றைய உதவித்தொகை அகன்றது. உழுதவன் மகளுக்கும் உரியது. ஆனால் அது தாள்களின்மேல் நிற்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் எண் ஆகிய இவற்றில் ஒன்றில் ஓர் எழுத்து மாறினாலும் முழுக் கட்டடமும் ஆடுகிறது. 2015-ஆம் ஆண்டிலிருந்து நடுவணரசின் உதவித்தொகைகளுக்குக் கணினிவழியே விண்ணப்பிக்கும் வாயில் ஒன்று வந்திருக்கிறது. மூன்று முறை நடக்கவேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதலே. ஆயினும் கணினிக்குப் பெயரின் எழுத்துக்கூட்டலில் இரக்கம் கிடையாது. பழைய எழுத்தராவது சில வேளை முகம் பார்ப்பார்.

ஆகையால் பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து என்னிடம் வரும் மாணவரிடம் நான் முதலில் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. வீட்டில் உள்ள தாள்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். தேர்வு முடிவுக்குக் காத்திராமல், பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே அவற்றை அருகருகே வைத்துப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடவேண்டும். பிரெஞ்சுக் கூட்டல் நம் குடும்பங்களில் இன்னும் மறையவில்லை. அதைத் திருத்த வட்டாட்சியர் அலுவலகத்திற்குப் போகவேண்டுமானால், ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும் சூன் மாதத்தில் போகாமல் முன்னதாகவே போய்விடலாம். முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள உதவிகள் வேறு. அவற்றுக்குத் தேர்வுகள் உண்டு. அவற்றைப் பேசத் தனி நேரம் வேண்டும்.

என் நண்பன் தன் மகளை வில்லியனூர்ப் பக்கம் மணம் செய்து கொடுத்தான். அவளுடைய பெண் இப்போது முதுகலைக் கணிதம் படிக்கிறாள். அவள் பிறந்த அன்றே அவன் பதிவு செய்யப் போயிருக்கிறான். பதிவேட்டில் எழுதியதைத் தானே படித்துப் பார்த்து, ஓர் எழுத்தைத் திருத்தச் சொல்லி, திருத்தும்வரை அங்கேயே நின்றிருக்கிறான். சென்ற ஆண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பெண் எல்லாத் தாள்களையும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு தாத்தாவோடு என் வீட்டுக்கு வந்தாள். திண்ணையில் பரப்பி வைத்தோம். அவள் பெயர், தாய் பெயர், தந்தை பெயர் மூன்றும் ஏழு தாள்களிலும் ஒரே மாதிரி இருந்தன. நண்பனுக்கு அதுவும் போதவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்து, "நீ இன்னொரு தடவை பார்த்துவிடு" என்றான்.